ராத்தாட கிணறு

ராத்தா,

உங்கள் தம்பி நான், உங்களை இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் பெயரை என் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று உங்கள் பெயரோடு மௌத்து அறிவித்தல் சொன்னபோது, யாரோ வேறு ஒரு பெண்ணைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது நான் உங்கள் கால்மாட்டில்தான் நின்றேன்.

உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம் இல்லை, ஐந்தாறு தரம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் விளங்குகிற மாதிரி முதலில் இருந்து சொல்கிறேன். முந்தி என்றால் எழுத்துப் பிழையை நீங்கள் திருத்துவீர்கள். இனி இருக்கிறபடி இருக்கட்டும்.

நான் சாய்ந்தமருதில் மீன் வியாபாரி. வியாபாரி என்றால் பெரிய ஆள் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் கட்டிய ஒரு ரிஜிபோம் ஐஸ் பெட்டி, ஒரு தராசு, ஒரு கத்தி. விடியப் புறம் கரைக்குப் போய் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, சம்மாந்துறை, அம்பாறை, உகனை என்று விற்றுக்கொண்டே போவேன். கடைசியாகப் போகிற ஊர் மகாஓயா. அந்தச் சனம் பாரை மீனுக்கு உயிரை விடும். அங்கே வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. மீனெல்லாம் விற்று முடித்து, அந்தத் தண்ணீரில் கை கால் முகம் கழுவிவிட்டுத்தான் திரும்புவேன். சுடுதண்ணீருக்கு மீன் நாற்றம் கொஞ்சம் போகும்.

ராத்தா என்னைவிட எட்டு வயது மூப்பு. வாப்பா நான் பிறந்த அடுத்த வருடம் மௌத்து. எனக்கு நாலு வயதில் உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சின்னம்மா, சாச்சியின் வளவில் ஒரு அறையில் இருந்தோம். எனக்குச் சோறு தீத்தினது, தலை வாரி இழுத்துவிட்டது, காய்ச்சல் விட்ட பிறகு சுடுதண்ணீர் வார்த்தது எல்லாம் ராத்தாதான். வார்க்கிறதுக்கு முதல் வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்ப்பார். கையால் பார்த்தால் சரியான சூடு தெரியாதாம். முழங்கைதான் பொய் சொல்லாதாம்.

உம்மா திரும்பி வந்தார். நிக்காஹ் முடிந்து ராத்தா பக்கத்திலேயே வீடு எடுத்து இருந்தார். மச்சான் ஓட்டோ ஓடுகிறவர். பிள்ளை இல்லை. நான் பகல் சாப்பாட்டுக்கு அங்கேதான் போவேன். போய் மகாஓயாக் கதை சொல்வேன். ராத்தா நம்ப மாட்டார்.

"நெருப்பில்லாம தண்ணி கொதிக்குதாம். நாள் முழுக்க வெயில்ல சுத்திப்போட்டு வந்து இவன் கதைக்கிற கதையப் பாருங்க."

"அல்லாஹ் காவலா ராத்தா. ஏழு கிணறு இரிக்கி. ஒண்டொண்டு ஒவ்வொரு சூடு."

"ஏழும் உனக்கு மட்டும்தான் தெரியுமா? எங்களுக்கும் காட்டன்."

காட்டுகிறேன், காட்டுகிறேன் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. கடைசியில் ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த கிழமை மச்சானே ஓட்டோவை எடுத்தார். பின்னால் உம்மா, ராத்தா, நான். மடியில் சோற்றுப் பார்சல், மாட்டிறைச்சிக் கறி, இரண்டு வாளி, மாற்றுவதற்குச் சாரன், ஒரு படுக்கை விரிப்பு. உம்மா ஒரு பால்மா டின்னுக்குள் தவிடு போட்டு பத்துப் பச்சை முட்டையும் வைத்திருந்தார்.

"முட்டை என்னத்துக்கும்மா?"

"கொதிக்கிற தண்ணி எண்டாய்தானே. அவிச்சுத் திங்கத்தான்."

சம்மாந்துறை வயல் வெளி தாண்டும்வரைக்கும் ராத்தா அபாயாவைக் காற்று தூக்காமல் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். உகனை தாண்டிக் காடு தொடங்கியதும் வாய் திறந்தது. மயிலைக் கண்டால் கத்துகிறார். யானை வேலியைக் கண்டால் "எங்க யானை, எங்க யானை" என்கிறார். மச்சான் கண்ணாடியில் பார்த்து, "யானைக்கு லீவு, பெருநாள்தானே" என்றார். அந்தப் பாதையில் நான் எத்தனை தரம் போயிருப்பேன். மயில் இருக்கிறதை அன்றுதான் கண்டேன்.

மகாஓயா சின்ன டவுன். சந்தியில் நாலு கடை, பஸ் நிற்கிற இடம், தயிர்ச் சட்டி அடுக்கிய கடை ஒன்று. மீன்காரன் குடும்பத்தோடு வருகிறான் என்று கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கை காட்டினார்கள். ராத்தா என் தோளில் இடித்து, "இஞ்ச நீ பெரிய ஆளாக்கும்" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கிணறுகள் டவுனில் இருந்து கொஞ்சம் உள்ளே. கிணறு என்றால் நம்முடைய கிணறு மாதிரி ஆழம் இல்லை. சுற்றிச் சீமெந்துக் கட்டு, உள்ளே தெளிந்த தண்ணீர், அடியில் இருந்து குமிழ் குமிழாக வரும். உள்ளே இறங்கக் கூடாது, அள்ளித்தான் வார்க்க வேண்டும். உம்மா போன வேகத்தில் முட்டைகளை ஒரு பையில் போட்டு, ஆகச் சூடான கிணற்றுக்குள் தொங்கவிட்டார். அதெல்லாம் செய்யக் கூடாது என்று பலகை எழுதி நட்டிருக்கிறது. எங்களில் யார் பலகை வாசிக்கிறது? வாசலில் அவித்த சோளம் விற்கிற சிங்களப் பொம்பிளை ஓடி வந்து, கையை ஆட்டி, பையைத் தூக்கச் சொன்னார். உம்மா ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். வெள்ளைக்கரு கொஞ்சம் பாலாகி இருந்தது, அவ்வளவுதான்.

"கொதிக்குது எண்டாயே மனே. இது அடைக்கு வெச்ச சூடு."

சோளக்காரி சிரித்த சிரிப்பில் உம்மாவும் சிரித்துவிட்டார். தவிட்டு முட்டை ஒன்பதும் திரும்ப டின்னுக்குள் போனது.

ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். அங்கே ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் குளிப்பார்கள். சிங்களப் பெண்கள் நெஞ்சுக்கு மேலே துணி கட்டிக்கொண்டு வார்ப்பார்கள். மறைவு ஒன்றும் இல்லை. நான் ஆம்பிளை. வந்தேன், கழுவினேன், போனேன். இரண்டு வருடமாகக் கதை சொன்ன எனக்கு, ராத்தா எங்கே நின்று குளிப்பார் என்று ஒரு தரமும் யோசனை வரவில்லை.

"இம்புட்டு ஆம்புளயளுக்கு நடுவுல நான் எப்புடிடா குளிக்கிற?"

"கால மட்டும் கழுவுங்களன் ராத்தா."

"கால் கழுவவா உகனைக் காடு தாண்டி வந்த நான்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் குத்தியது. மச்சான் ஓட்டோவுக்குப் போய்ப் படுக்கை விரிப்பையும் இரண்டு சாரனையும் எடுத்து வந்தார். சாரன் தையலைப் பிரித்து விரிப்போடு முடிச்சுப் போட்டு நீளமான திரை ஆக்கினார். நாலு மூலை. ஒரு மூலை மச்சான், ஒரு மூலை நான், ஒரு மூலை உம்மா. நாலாவது மூலைக்கு ஆள் இல்லை, தொங்கிக்கொண்டு நின்றது. சோளக்காரி கையைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு வந்து அதைப் பிடித்தார். யாரும் கூப்பிடவில்லை.

நாங்கள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றோம். அதனால் ராத்தா குளித்ததை நான் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன். முதலில் வாளிச் சத்தம். பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு இழுப்பு. பிறகு "யா அல்லாஹ்!" பிறகு சிரிப்பு. என் வயதுக்கு நான் கேட்காத சிரிப்பு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சிரிப்பு. அந்த வயதில் அவர் என்னை வளர்த்துக்கொண்டிருந்தார், சிரிக்க நேரம் இருந்திருக்காது.

ஒரு கிணறு போதாதாம். ஏழிலும் வார்க்க வேண்டுமாம். திரைக்குள் இருந்து கட்டளை வரும், நாங்கள் நாலு பேரும் அந்தத் திரையோடு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்வோம். குளிக்க வந்த சனமெல்லாம் தங்கள் வாளியை வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தது. ராத்தா ஒவ்வொரு கிணற்றுக்கும் உள்ளே இருந்தே பட்டம் வைத்தார்.

"இது உம்மா. தொட ஏலா, தொட்டா சுட்டுப்போடுவா."

"அடி செருப்பால" என்றார் உம்மா, மூலையை விடாமல்.

"இது மச்சான். பச்சத்தண்ணி. சூடே இல்ல, ரோசமே இல்ல."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"இது தம்பி. மீன் வித்துப்போட்டு வாற நேரம் அடிக்கிற மணம் அப்புடியே அடிக்குது."

ஆறாவது கிணற்றில் சத்தம் நின்றது. அந்தக் கிணற்றின் கட்டில் ஒரு மூலை உடைந்திருக்கும். பக்கத்தில் மரம், நிழல் விழும். வாளி வாளியாக வார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கை உளைந்தது. கடைசியில் மெல்லச் சொன்னார்.

"இது நான். உனக்குக் காய்ச்சலுக்கு வார்ப்பனே, அந்தச் சூடு. முழங்கையால பாத்தன். சரியா இரிக்கி."

பிறகு பக்கத்துக் குளக்கட்டுக்குப் போய், தாமரையைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றோம். தயிர்ச் சட்டி ஒன்றும் தித்திப்புப் பாணியும் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகிறது என்று சொல்லி, பாதி வழியில் ஓட்டோவை நிறுத்திப் பாணியும் ஊற்றி முடித்தோம். ராத்தா ஈரத் தலையோடு முக்காட்டை இழுத்துக்கொண்டு, "மறுகா ஒருக்கா வரணும்" என்றார். அன்று அவருடைய காலில் செருப்பு வார் அழுத்திய பள்ளம் பின்னேரம் வரைக்கும் போகவில்லை. உம்மா கண்டு, "கால் ஊதியிரிக்கி புள்ள" என்றார். கனநேரம் தொங்கவிட்டு இருந்ததால் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அது கிட்னி. இரண்டும் பழுதாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. கிழமைக்கு இரண்டு நாள் ஆசுபத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிற மெசினில் போட்டார்கள். மச்சான் ஓட்டோவில் ஏற்றிப் போய், வாசலில் காத்திருந்து, ஏற்றி வருவார். வந்த நாள் ராத்தா வாடிய கீரை மாதிரி படுத்திருப்பார். ஆகக் கொடுமை என்ன என்றால் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல்தான் குடிக்கலாம். அதற்குள்தான் தேத்தண்ணி, கஞ்சி எல்லாம். வெயில் காலத்தில் அந்தப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். நான் அவர் முன்னால் தண்ணீர் குடிக்கிறதை விட்டேன்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, குடிக்கத்தான் அளவு சொன்னாங்க. காலுக்கு அளவு சொல்லல்ல. என்ட கிணத்துல இருந்து ஒரு கேன் கொண்டு வாறியா?"

கிளினிக்கில் கேட்டோம். சூடு அளவாக இருந்தால் கால் வைக்கலாம் என்றார்கள். அடுத்த நாள் மகாஓயாவில் மீனை முடித்துவிட்டு, உடைந்த மூலைக் கிணற்றில் ஐந்து லீற்றர் கேனை நிரப்பினேன். சூடு போகாமல் எப்படிக் கொண்டுபோகிறது? என் மூளை ஒரு வேலை செய்தது. ஐஸைக் கரைய விடாத பெட்டி சூட்டையும் போக விடாதுதானே. கேனை அந்த மீன் பெட்டிக்குள் வைத்து, மூடி, இறுக்கிக் கட்டி, எங்கேயும் நிறுத்தாமல் ஓடி வந்தேன்.

சூடு இருந்தது. பேசினில் ஊற்றும்போது ஆவியும் வந்தது. ஆவியோடு பாரை மீனும் வந்தது. கேன் மூடியில், பிடியில், நாலு பக்கமும் பெட்டியின் மணம். அறை முழுக்க மீன் கடை.

உம்மா மூக்கைப் பொத்தினார். "புளி போட்டா மீன் ஆணம் ஆக்கிரலாம் மனே."

ராத்தா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். சிரித்துக்கொண்டே இரண்டு காலையும் உள்ளே வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஊதிப்போய் மினுங்குகிற அந்தக் கால் விரல்கள் தண்ணீருக்குள் ஒன்றொன்றாக விரிந்தன.

"ஏழுல எது எண்டு நான் செல்லட்டா? இது ஆறாவது."

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு கேன். புதன்கிழமை என்றால் ராத்தா பின்னேரம் அஸருக்கே பேசினை எடுத்து வைத்து, கதிரையில் உட்கார்ந்து, என் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருப்பார். பெட்டியைத் தேசிக்காய் போட்டுக் கழுவிப் பார்த்தேன், மணம் போகவில்லை. "விடு, அதுவும் இரிக்கட்டும். அந்த மணம் வந்தாத்தான் நீ வந்த மாதிரி" என்றார்.

இனிச் சொல்வதுதான் சொல்ல வேண்டியது.

மாரி தொடங்கிய ஒரு புதன்கிழமை. உகனைக்கு அங்கால் போகவில்லை. மழை ஊற்றியது, பின் டயர் காற்றுப் போனது, மீன் அதற்கு முதலே முடிந்துவிட்டது. திரும்பிவிட்டேன். ஊருக்குள் வரும்போதுதான் கேன் காலியாக இருக்கிறது என்று நினைவு வந்தது. ராத்தாவின் வீட்டு வாசல் தெரிந்தது. உள்ளே பேசின் வைத்தாயிற்று என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு இல்லை ராத்தா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் "பரவால்லடா, நனஞ்சி வந்திரிக்காய், தலையத் துடை" என்றுதான் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நேரே எங்கள் வீட்டுக்குப் போனேன். உம்மா ராத்தா வீட்டில் இருந்தார். குசினிக்குள் போய், பைப் தண்ணீரை காஸ் அடுப்பில் வைத்துச் சூடாக்கி, முழங்கையால் பார்த்து, கேனில் ஊற்றினேன். அதோடு விட்டேனா? கேனைக் கொண்டுபோய் மீன் பெட்டிக்குள் வைத்து மூடி, கொஞ்ச நேரம் நின்றேன். மணம் பிடிக்கட்டும் என்று.

ராத்தா காலை வைத்தார்.

"இண்டைக்கித்தான் சரியான சூடு. பறந்து வந்திரிக்காய் போல."

"ஓம் ராத்தா" என்றேன்.

முதல் தரம் செய்யத்தான் கஷ்டம். மறு கிழமையும் மழை. அதற்கு அடுத்தது மகாஓயாப் பக்கம் வியாபாரம் இல்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வெயில் வந்த பிறகும் இரண்டு தரம், சும்மா, அலுப்பில். சூடு சரியாக இருந்தது, மணம் சரியாக இருந்தது, ராத்தா சந்தோசமாக இருந்தார். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

பக்கத்து வளவு மாமி ஒருவர் முழங்கால் வருத்தக்காரி. ராத்தா அவருக்கும் ஒரு சின்ன வாளியில் அந்தத் தண்ணீரைக் கொடுத்து அனுப்பினார். அதுவும் என் குசினித் தண்ணீர்தான். மறுநாள் மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார், "தம்பி, உன்ட தண்ணியில என்னமோ ஒண்டு இரிக்கி. நேத்து ராவு கால நீட்டி மடக்கிப் படுத்தன்."

நான் மீன் பெட்டியைக் கழுவுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ராத்தா ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெசினுக்குப் போக உடுப்பு மாற்றும்போது, கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை. மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்லிக் கொடுத்தாராம். நான் அப்போது சம்மாந்துறையில் சூரை மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் புதன்கிழமை.

குளிப்பாட்டுகிற பெண்கள் வந்தார்கள். ஒருவர் வெளியே வந்து, "தம்பி, தண்ணியக் கொஞ்சம் சூடாக்கித் தாங்க, கை தாங்குற சூடு" என்றார். எங்கள் வீட்டுக்கு ஓடினேன். அதே குசினி, அதே அடுப்பு, அதே பைப். இலந்தை இலை போட்டுச் சூடாக்கினேன். முழங்கையை விட்டுப் பார்த்தேன். அந்த நேரம்தான் எனக்கு அழுகை வந்தது. கடைசித் தண்ணீரும் இதுதானே என்று.

மையவாடியில் பெண் மையித்தை இறக்கும்போது கப்ருக் குழிக்கு மேலே துணி பிடிப்பார்கள், யார் கண்ணும் படக் கூடாது என்று. நாலு பேர் வேண்டும். மச்சான் கப்ருக்குள் இறங்கி நின்றார். நான் போய் ஒரு மூலையைப் பிடித்தேன். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கு அது பழக்கம். காது மட்டும் உள்ளே இருந்தது. இந்த முறை உள்ளே இருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. மச்சான் மணலில் காலை மாற்றி வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் வீட்டில் பெண்கள் கூடி யாசீன் ஓதினார்கள். நான் வாசலில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே மாமி எல்லாருக்கும் சொல்கிற சத்தம் கேட்டது.

"தம்பி எண்டா இவனப் போல இரிக்கணும். மழை எண்டு பாக்கல்ல, வெயில் எண்டு பாக்கல்ல. ராத்தாட காலுக்கெண்டு மகாஓயாவுல இருந்து தண்ணி கொண்டு வந்தவன். இந்தக் காலத்துல ஆரு செய்வா?"

"மாஷா அல்லாஹ்" என்று நாலைந்து குரல் வந்தது. நான் கதிரைகளை அப்படியே விட்டுவிட்டுப் பின் வளவுக்குப் போனேன். உம்மா துணி காயப் போடுகிற இடத்தில் நின்றார். ராத்தாவின் முக்காடு ஒன்று கையில் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, டயர், அடுப்பு, பெட்டிக்குள் வைத்தது, வெயிலிலும் செய்தது. உம்மா ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் முக்காட்டைக் கொடியில் விரித்து, சுருக்கத்தை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார்.

"எனக்கிட்ட செல்லி என்ன மனே? அவக்கிட்ட செல்லு."

அடுத்த புதன்கிழமை மீன் எடுக்கவில்லை. பெட்டியைச் சவர்க்காரம், தேசிக்காய், சாம்பல் எல்லாம் போட்டுக் கழுவி, காலிக் கேனோடு மகாஓயாவுக்குப் போனேன். மீன் வந்திருக்கு என்று எப்போதும் அடிக்கிற ஹோர்னை அடிக்காமல் டவுனுக்குள் போனதைக் கண்டு தயிர்க் கடைக்காரர், "மாலு நெத்த?" என்றார், மீன் இல்லையா என்று. தலையை ஆட்டினேன். கிணற்று வாசலில் சோளக்காரி என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து, திரை பிடிக்கிற மாதிரிக் காட்டிச் சிரித்தார். அக்கா எங்கே என்று கேட்டார். எனக்கு வியாபாரத்துக்கு வேண்டிய சிங்களம் தெரியும், விலை, நிறை, மீன் பெயர். இதைச் சொல்லச் சிங்களம் வரவில்லை. மேலே கையைக் காட்டினேன். அவர் விரித்த கை அப்படியே கீழே இறங்கியது. என் கையில் இருந்த கேனை வாங்கி, என்னோடு ஆறாவது கிணறு வரைக்கும் வந்து, அவரே அள்ளி நிரப்பித் தந்தார்.

பழக்கத்தில் கேனைப் பெட்டிக்குள் வைத்து இறுக்கிக் கட்டி, நிறுத்தாமல் ஓடி வந்தேன். மையவாடிக்குள் போய் மூடியைத் திறந்தால் ஆவி வருகிறது. ராத்தாவின் தலைமாட்டில் மச்சான் ஒரு குரோட்டன் செடி நட்டிருக்கிறார். மூன்று இலைதான் நிற்கிறது. இந்தச் சூட்டை ஊற்றினால் அது செத்துவிடும். இவ்வளவு நாளும் சூடு போகக் கூடாது, போகக் கூடாது என்று ஓடினவன், சூடு போகட்டும் என்று மணலில் குந்திக்கொண்டு இருந்தேன். கேன் வாய்க்குள் ஊதினேன். கொஞ்சம் அள்ளி முழங்கையில் விட்டுப் பார்த்தேன். இன்னும் இல்லை. திரும்பவும் இருந்தேன். இருந்த நேரத்தில்தான் உங்களுக்கு எல்லாம் சொன்னேன், ராத்தா. நீங்கள் கேட்டீர்களோ தெரியாது.

அந்த மழை நாளில் இருந்து நான் தந்தது உங்கள் கிணற்றுத் தண்ணீர் இல்லை. அது நம்முடைய பைப் தண்ணீர். மணமும் நான் வேண்டுமென்று வைத்த மணம். நீங்கள் "பறந்து வந்திரிக்காய்" என்று சொன்ன அன்று நான் ஓரிடமும் போகவில்லை. இதை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள். இது அசல் தண்ணீர், ஆறாவது கிணறு, சோளக்கார அக்கா அள்ளித் தந்தது.

சூடு ஆறியதும் ஊற்றினேன். கடற்கரை மணல்தானே. ஒரு மடக்கில் குடித்துவிட்டது. இன்னும் ஊற்றினேன், அதையும் குடித்தது. போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டியது இல்லை. அளவு சொல்ல யாரும் இல்லை. கேன் முழுவதும் ஊற்றினேன்.

இப்படித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. ஓதிப் படித்தவர்கள் கோபிக்க வேண்டாம். அது நான் என் ராத்தாவுக்குப் பட்ட கடன்.

இதை வாசிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். தெரிந்தவர், தெரியாதவர், எந்த ஊராக இருந்தாலும் சரி. தாகமாய் இருந்து ஒரு கிளாஸ் தண்ணீரை நிறையக் குடிக்கிற நேரம், குடித்து முடித்த கையோடு என் ராத்தாவை ஒரு தரம் நினையுங்கள். அவருடைய கப்ரைக் குளிர்ச்சியாக்கி வை, அவருக்குத் தாகமே இல்லாத இடத்தைக் கொடு என்று உங்கள் துஆவில் இறைவனிடம் கேளுங்கள். பெயர் தெரியவில்லையே என்று யோசிக்க வேண்டாம். மீன்காரத் தம்பியின் ராத்தா என்று சொல்லுங்கள், அல்லாஹ்வுக்குத் தெரியும்.